ஆழாக்கு வலி

சென்னீர்குப்பம்
11-6-1989

அன்புத் தம்பி பாஸ்கரனுக்கு அக்கா நாகவல்லி எழுதுவது. நானும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். ஜபல்பூர் வெயிலில் நீயும் வரலட்சுமியும் வாடிப்போகாமல் இருக்கிறீர்களா? அவளுக்குத் தலைவலி என்று போன கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாய். விட்டதா, இல்லையா? உன்னிடமிருந்து ஒரு வரிக்குமேல் வாங்குவதற்குள் எனக்கு உயிர் போகிறது.

கள்ளிக்குப்பத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். மாமாவுக்கு மெஷினில் மூன்று விரல் போனதிலிருந்து கம்பெனிக்காரன் கூப்பிடவே இல்லை, உனக்குத் தெரியும். இங்கே பெங்களூர் ரோட்டோரம் பரந்தாமன் என்று ஒரு சித்த வைத்தியர் மூட்டுவலி ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார். மாமாவுக்கு அங்கே வாட்ச்மேன் வேலை, எனக்கு ரிஜிஸ்டர் எழுதுகிற வேலை, பின்பக்கம் தங்குவதற்கு ஓட்டு வீடு. மூன்றையும் கொடுத்தது அந்த ஒரே மனிதர். டாக்டர் வீட்டுக் காரைப் பார்த்தாலே மாமா எழுந்து நின்றுவிடுகிறார்.

என்ன ஆராய்ச்சி என்று சொன்னால் சிரிப்பாய். அட்டை! ஏரியில் இறங்கின மாட்டின் காலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்குமே, அதேதான். கலியமூர்த்தி என்ற ஆள் ஏரித் தண்ணீரில் முழங்கால்வரை நின்று பிடித்து வருகிறார். கண்ணாடி ஜாடிகளில் வைத்திருக்கிறோம். முழங்கால் வலி என்று வருகிறவர்களுக்கு வலிக்கிற இடத்தில் இரண்டு, மூன்று விடுவோம். குடித்து உருண்டதும் மஞ்சள்பொடி தூவினால் தானாகக் கழன்றுவிடும். முதல் நாள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இப்போது வெண்டைக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்குகிறேன்.

மொத்தம் நாற்பது பேர். செவ்வாய்க்கிழமைதோறும் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதவேண்டும். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் நம் ஜனங்கள் பேந்தப் பேந்த முழிக்கிறார்கள். நான்தான் டாக்டருக்கு யோசனை சொன்னேன். முதல் நாள் வலி ஒரு படி என்று வைத்துக்கொள்ளட்டும். இப்போது அரைப்படியா, கால்படியா, ஆழாக்கா என்று கேட்போம் என்றேன். அரிசி அளக்கிற கைகள் அல்லவா, டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கேட்டு முடித்ததும் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே காப்பி ஆற்றிக் கொடுக்கிறார். அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

முத்தாபுதுப்பேட்டை தாயம்மாவை உனக்கு நினைவிருக்கும், நம் பக்கத்துக் கழனிக்காரி. தடி ஊன்றி வந்தவள் இப்போது தடி இல்லாமல் வருகிறாள்! நாற்பதில் முப்பது பேருக்குமேல் கால்படிக்கு வந்துவிட்டார்கள். வரலட்சுமியைப் பற்றி இந்தத் தடவையாவது இரண்டு வரி எழுது.

அன்புடன்
அக்கா


ஜபல்பூர்
2-7-1989

அக்காவுக்கும் மாமாவுக்கும் பாஸ்கரனின் வணக்கம். உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வரி கேட்டிருந்தாய். எழுதுகிறேன். வரலட்சுமிக்கு மூளையில் கட்டி. நாக்பூருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். நெல்லிக்காய் அளவு, கண் நரம்பை ஒட்டி இருக்கிறதாம். புற்று இல்லை என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டு, மூன்று மாதத்துக்குள் மண்டையைத் திறந்து எடுக்கவேண்டும், தள்ளிப்போட்டால் முதலில் போவது கண்ணாக இருக்கும் என்றார் டாக்டர். பிழைப்பாளா என்று கேட்டேன். பெரும்பாலும் பிழைப்பார் என்றார். பெரும்பாலும் என்றால் என்ன அக்கா? எங்கள் ஃபேக்டரி ஷாப்பில் வேலுசாமி என்று ஒருவர். அவர் தம்பி ஆபரேஷன் டேபிளிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாற்பதில் முப்பது பேர் என்று எழுதியிருக்கிறாய். அந்த டாக்டரிடம் தலையில் உள்ள கட்டிக்கும் அட்டை கேட்குமா என்று கேட்டுச் சொல். கேட்கும் என்றால் அவளை உன்னிடம் அனுப்பிவிடுகிறேன். கத்தி இல்லாமல் போனால் போதும்.

உன் தம்பி
பாஸ்கரன்


சென்னீர்குப்பம்
15-7-1989

பாஸ்கரா, உன் கடிதம் வந்த அன்று நான் சமைக்கவில்லை. மாமாவும் சாப்பாடு கேட்கவில்லை. நீ தைரியமாக இரு. அவள் முன்னால் முகத்தைத் தொங்கப்போடாதே.

டாக்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். உடனே அலமாரியைத் திறந்து புத்தகங்களை எடுத்துப் போட்டுவிட்டார். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை இளக்குகிற சத்து இருக்கிறதாம், வீக்கத்தை வடிக்கிறதாம். மூட்டில் வடிக்கிறது தலையில் வடிக்காதா, வெகுநாளாக இதைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றிருந்தேன் அம்மா என்கிறார். நிச்சயம் கரையும் என்று சொல்லவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நாக்பூர் டாக்டர் சொன்ன கெடுவுக்குள் பார்ப்போம், குறையாவிட்டால் ஆபரேஷனுக்கு அனுப்பிவிடலாம் என்றார். வாரா வாரம் வலி குறைகிறதா என்பதை வைத்துத் தெரிந்துகொள்வாராம்.

வாரா வாரம் கேட்டு எழுதப்போவது நான்தானே. கண்ணைப்போல் பார்த்துக்கொள்கிறேன், அனுப்பு.

அக்கா


ஜபல்பூர்
4-8-1989

அக்கா, நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும், இப்போது எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வரலட்சுமிக்கும் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

ஒன்பதாம் தேதி ரயிலில் வருகிறாள். என்னோடு வேலை செய்யும் மனோகரன் குடும்பம் ஆவடிக்கு வருகிறது, அவர்கள் கொண்டுவந்து விடுவார்கள். எனக்கு லீவு இல்லை. கேட்டால் ஒரு வாரம் கிடைத்திருக்கும், அதை ஆபரேஷன் வந்தால் என்று வைத்திருக்கிறேன். வராமலே போகட்டும்.

அவள் கூச்சக்காரி. இது வேண்டும், அது வேண்டும் என்று வாயைத் திறக்கமாட்டாள். நீதான் பார்த்துக் கேட்கவேண்டும்.

பாஸ்கரன்


சென்னீர்குப்பம்
29-8-1989

அன்புத் தம்பிக்கு, வரலட்சுமி சௌக்கியம், நாங்களும் அப்படியே. வந்த மறுநாளே என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். உட்காரடி என்றால் கேட்டால்தானே. மாமாவுக்கு அவள் வைக்கிற ரசம்தான் இப்போது ரசம். நான் இருபது வருஷமாக வைத்தது வெந்நீர்.

மூன்று தடவை அட்டை விட்டாயிற்று. காதுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு. முதல் தடவை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், சத்தமே இல்லை. டாக்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் வாரம் முழுப்படி. போன செவ்வாய் அரைப்படி என்றாள். நான் எழுதினேன். டாக்டர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அவளுக்கு இரண்டு டம்ளர் காப்பி.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் தாயம்மாவைப் பார்த்தேன். தடியோடு நின்றுகொண்டிருந்தாள்! என்ன இது, உனக்குத்தான் ஆழாக்குக்கு வந்துவிட்டதே என்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? "இன்னா நாகு, அந்த மன்சன் தன் கையால காப்பி ஆத்திக் குடுக்கறாரு. மூஞ்சிக்கு நேரா, வலி அப்டியேதான் கீதுன்னு எப்டிச் சொல்றது? அவரு மன்சு கஸ்டப்படாதா?" என்றாள். தடியை நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு உள்ளே வருவாளாம். எனக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

ஒருத்தி அப்படி என்றால் எல்லோருமா அப்படி? உனக்கு இங்கிருந்து முறுக்கு அனுப்பட்டுமா? வரலட்சுமி சுடுகிறேன் என்கிறாள்.

அக்கா


ஜபல்பூர்
17-9-1989

அக்காவுக்கு, நான் சுகம். மாமாவின் கைவலி எப்படி இருக்கிறது?

அரைப்படி என்று படித்ததும் கோயிலுக்குப் போனேன். நாக்பூரில் இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். டாக்டருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

முறுக்கு அனுப்பு.

பாஸ்கரன்


சென்னீர்குப்பம்
8-10-1989

என் அன்புள்ள அவருக்கு வரலட்சுமி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் ஓவர்டைம் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்காதீர்கள்.

அண்ணி என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணனும் அப்படித்தான், ஒரு வேலை செய்ய விடுவதில்லை. டாக்டர் ஐயா அவருடைய மகளைப்போல் நடத்துகிறார். தலைவலி இப்போது கால்படிதான். காலையில் வாந்தி வருவது பித்தம் என்று நினைக்கிறேன். அண்ணியிடம் சொல்லவில்லை, பதறுவார்கள்.

இங்கே கரண்ட் அடிக்கடி போகிறது. வரி கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். தீபாவளிக்கு வருவீர்களா? வந்தால் நன்றாக இருக்கும். வேலை இருந்தால் வேண்டாம்.

வரலட்சுமி


சென்னீர்குப்பம்
12-11-1989

தம்பிக்கு, நீ எப்படி இருக்கிறாய்? வரலட்சுமியின் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. இரண்டு தடவை தபால்காரனை அவளே வாசலில் நின்று கேட்டாள். நான் உனக்கு எழுதவேண்டும் என்று உட்கார்ந்து மூன்று இன்லாண்டைக் கிழித்துப் போட்டேன்.

டாக்டர் அடுத்த மாதம் டில்லியில் ஒரு மாநாட்டில் பேசப்போகிறார். நாற்பதில் முப்பத்துநாலு பேருக்குக் குணம் என்று டைப் அடித்தாயிற்று. கடைசியில் வரலட்சுமியைப் பற்றி ஒரு பக்கம். முழுப்படி, அரைப்படி, கால்படி, ஆழாக்கு என்பதையெல்லாம் எண்ணாக மாற்றிக் கோடு போட்டிருக்கிறார். கோடு மேலேயிருந்து அழகாகக் கீழே இறங்குகிறது. உன் யோசனைதான் அம்மா இதெல்லாம் என்று என்னிடமே காட்டினார். நல்லா இருக்கு சார் என்றேன்.

உனக்கு ஒன்று எழுதவேண்டும். முந்தாநாள் அவள் எனக்குச் சாதம் போட்டாள். தட்டுக்கு வெளியே போட்டாள். நான் தட்டை நகர்த்தி அடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு வலிக்கக்கூடாது என்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஏம்மா, கண் சரியாகத் தெரிகிறதா என்றேன். "தெரியுது அண்ணி, புது ஊடு, அதான்" என்றாள். மூன்று மாதமாக இருக்கிற வீடு புது வீடா?

செவ்வாயன்று ஆழாக்கு என்றாள். நான் எழுதினேன். சொல்வதை எழுதுவதுதான் என் வேலை.

மாமாவிடம் சொன்னேன். நீ பேசாமல் இரு, டில்லி போய்வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இப்போது வாயைத் திறந்தால் தெருவில் நிற்போம் என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பு இல்லை. இந்த வீட்டை விட்டால் எங்களுக்கு எந்த வீடு? ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை பாஸ்கரா. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறது. நீ லீவு போட்டு ஒரு தடவை வந்துபோ. வந்து நீயே பார். என்னைச் சொல்லவைக்காதே.

அக்கா


தந்தி
30-11-1989
வரலட்சுமி ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். உடனே வா. கடிதம் பின்னால். நாகவல்லி.


சென்னீர்குப்பம்
30-11-1989

பாஸ்கரா, இந்தக் கடிதம் வருவதற்குள் நீ கிளம்பியிருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

செவ்வாய்க்கிழமை காலை ஜாடித் தண்ணீர் மாற்ற நான் வருவதற்குள் எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவளே ஜாடி இருக்கிற அறைக்குள் போயிருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடினேன். அலமாரியில் மோதி நாலு ஜாடி கீழே விழுந்து உடைந்துகிடக்கிறது. தரையெல்லாம் தண்ணீரும் கண்ணாடியும் அட்டையும். அவள் நடுவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தரையைத் தடவித் தடவி அட்டையைத் தேடுகிறாள். கையில் ரத்தம். ஒரு அட்டை புறங்கையிலேயே கடித்துத் தொங்குகிறது, அது இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே நான் நிற்கிறேன், நான் இருப்பதும் தெரியவில்லை. "ஐயோ, டாக்டர் ஐயா கஷ்டப்பட்டுச் சேத்தது, ஒண்ணுகூட செத்துடக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தேடுகிறாள்.

பின்னாலேயே டாக்டர் வந்துவிட்டார். அவரும் பார்த்தார். நான் அப்போதுதான் சொன்னேன். சார், இவளுக்குக் கண் தெரியவில்லை, ஒரு மாதத்துக்குமேல் ஆகிறது, வலியும் குறையவில்லை என்று. அவர் என்னைத் திட்டவில்லை. "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். தானே காரை எடுத்து அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் அவள் ஜாடி உடைந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று உனக்குச் சொல்கிறேன். தாயம்மா தடியோடு நின்ற அன்றிலிருந்து தெரியும். உனக்கு வேடிக்கை மாதிரி எழுதினேனே, அதற்கப்புறம் சும்மா இருக்கமுடியாமல் ஐந்து பேர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நாலு பேர் தாயம்மா மாதிரிதான். ஒருத்திக்கு நிஜமாகவே குறைந்திருந்தது. ஆக அட்டை சுத்தமாக உதவாது என்றும் சொல்ல முடியாது, உதவும் என்றும் சொல்ல முடியாது. யாருக்கு எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அது தெரிந்துகொண்டேதான் செவ்வாய்தோறும் உன் பெண்டாட்டி சொன்னதை எழுதினேன்.

இந்த வீட்டுக்காக எழுதினேன். மாமாவின் வேலைக்காக எழுதினேன். அந்த மனிதர் முகம் வாடுவதைப் பார்க்கமுடியாமலும் எழுதினேன். எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. சீக்கிரம் வா.

அக்கா


சென்னீர்குப்பம்
21-1-1990

பாஸ்கரனுக்கு, அவளைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாயாம். நீ எழுதாததால் ஆவடியில் மனோகரன் வீட்டுக்காரர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உயிர் பிழைத்தாள், அதற்கு அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதே, அது சரிதான். ஆனால் அன்றைக்கு வார்டில் பெரிய டாக்டர், ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள், இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்டபோது அவள் என்ன சொன்னாள் என்று நீயும் கேட்டாய். "நான்தான் யாருக்கும் சொல்லல டாக்டர்" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதம் செய்ததைவிட, அந்த ஒரு நிமிஷம்தான் இப்போது என்னைத் தின்கிறது.

பரந்தாமன் டாக்டர் டில்லிக்குப் போகவில்லை. மாநாட்டுக்கு அனுப்பின காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என்னையும் மாமாவையும் வேலையை விட்டுத் துரத்துவார் என்று மூட்டை கட்டி வைத்திருந்தோம். துரத்தவில்லை. நாற்பது பேரையும் வீடு வீடாகப் போய் மறுபடியும் கேள், நான் வரமாட்டேன், காப்பி கிடையாது, உள்ளதைச் சொல்லட்டும் என்றார். போனேன். திருவேற்காடு, முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம் எல்லா இடமும் நடந்தேன். என்ன ஆயிற்று தெரியுமா? டாக்டர் மனம் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்குள் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாவம், நம்மாலே அவருக்குக் கெட்ட பேரு வரக்கூடாது என்று நாற்பது பேரும் ஒரே வாய். தாயம்மா என் எதிரிலேயே தடியைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, "ஆழாக்குகூட இல்ல, சுத்தமா பூடுச்சுன்னு எய்திக்கோ" என்கிறாள். கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளதைச் சொல்லம்மா என்று அழுதேன். "ஏன் அயுவுற? உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது, நாங்க கீறோம்" என்று எனக்குத் தைரியம் சொல்லி அனுப்பினாள்.

அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதின நோட்டு என் மடியில் கிடக்கிறது. அதை அவரிடம் கொடுக்கவும் முடியவில்லை, எரிக்கவும் முடியவில்லை. மறுபடியும் செவ்வாய்க்கிழமை வருகிறது.

பாஸ்கரா, திட்டியாவது ஒரு கடிதம் போடு. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா


ஜபல்பூர்
18-2-1990

அண்ணிக்கு வரலட்சுமி எழுதுவது. எழுதுகிற கை உங்கள் தம்பியுடையது. நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பார்வதம் அக்காவை விட்டுப் படிக்கவைத்துக் கேட்டபிறகுதான் தபாலில் போடச் சொல்வேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தலைவலி இல்லை. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரிகிறது. எதிரில் ஆள் நின்றால் ஆள் என்று தெரிகிறது, யார் என்று தெரியாது. அடுப்புப் பக்கம் இவர் என்னை விடுவதில்லை. சமையல் இவர்தான். வாயில் வைக்க முடியவில்லை.

திட்டச் சொல்கிறீர்கள். எனக்குத் திட்ட வராது. நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வாரம் எனக்கு வலி துளியும் குறையவில்லை. ஆனால் நீங்கள் பென்சிலோடு உட்கார்ந்திருந்தீர்கள், பக்கத்தில் டாக்டர் ஐயா, வெளியே கேட்டில் அண்ணன். உங்கள் மூன்று பேர் சோறும் என் வாயில் இருந்தது. அதனால் அரைப்படி என்றேன். நீங்கள் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தீர்கள், அப்போது எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. நீங்கள் நம்பவில்லை என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் குனிந்து எழுதினீர்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் காத்துக்கொண்டிருந்தேன் அண்ணி. ஏண்டி பொய் சொல்கிறாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், உங்கள் மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். தட்டை நகர்த்தி நான் போட்ட சோற்றுக்கு அடியில் வைத்தீர்களே, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் உள்ளே போய் அழுதேன்.

கோபம் உங்கள்மேல் மட்டும் என்றால் எனக்குச் சுலபமாக இருக்கும். நேற்று இவர் ஒன்று சொன்னார். அக்டோபரில் நான் போட்ட கடிதத்தில் வரிமேல் வரி ஏறியிருந்ததாம், பாதியைப் படிக்கவே முடியவில்லையாம். படித்ததுமே கண் போய்க்கொண்டிருக்கிறது என்று இவருக்குப் புரிந்துவிட்டதாம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏழு வாரம் வேலைக்குப் போய்வந்திருக்கிறார். தாயம்மா கதையை நீங்கள் எழுதியதும் இவருக்கு அப்போதே புரிந்ததாம். ஏன் வரவில்லை என்று கேட்டேன். வந்தால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும், நீ செத்துப்போய்விட்டால் என்ன செய்வேன், கண் போனாலும் ஆள் இருப்பாயே என்று நினைத்தேன் என்றார்.

இதையும் அண்ணிக்கு எழுதுங்கள் என்றேன். எழுதமாட்டேன் என்று பேனாவை மூடிவைத்தார். "என் கையில குடுங்க, கோணலா வந்தா வரட்டும், நானே எழுதறேன்" என்றேன். பேனாவைத் திறந்து மறுபடியும் எழுதுகிறார்.

நீங்கள் இங்கே வாருங்கள் அண்ணி. அழ வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பெரிய டாக்டர் கேட்டபோது சொல்லாமல் நின்றீர்களே, அதை இங்கே வந்து என் எதிரில் வாயைத் திறந்து சொல்லுங்கள். இவர் சொல்லிவிட்டார். நீங்கள்தான் பாக்கி.

எனக்கு இனி வேறு போக்கிடம் இல்லை. கொல்லைக்குப் போவதென்றாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். இவர்மேல் ஆத்திரமாக வருகிறபோதும் அந்தக் கையைத்தான் தேடுகிறேன். கை உடனே கிடைத்துவிடுகிறது, எப்போதும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இவ்வளவுதான்.
வரலட்சுமி